நட்பினுள் மறைந்த பகை

நட்பின் பெருமையைக் கூறாத இலக்கியம் நம் மொழியில் இல்லையென்றே சொல்லலாம். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரிற் காணாமலே உள்ளம் ஒன்றி நண்பராயினமையையும், பாரி மறைந்தபின் அவன் மகளிரைத் தம் மக்களெனக் கொண்டு மன்னர்பலரிடம் நடந்த கபிலரது அன்பையும் புறநானூறு பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். திருவள்ளுவர் 79ஆம் அதிகாரம் முதல் 83ஆம் அதிகாரம் வரை ஐந்து அதிகாரங்களை நட்பிற்கென வகுத்து, அவற்றுள் இறுதி இரண்டினைத் தீ நட்பிற்கும் கூடா நட்பிற்கும் உரியனவாக்கினார். புறத்தே நட்பும் அகத்தே பகையுமாய் ஒழுகுவோரை அறிந்து விலகுக என்பது கூடா நட்பு அதிகாரத்தின் கருத்து. ஆயின், அவ்வாறு ஒழுகுபவன் தானே என்பதை ஒருவன் அறியாதிருப்பின் யாது செய்வது? தன் நெஞ்சிற் கிடக்கும் பகையைத் தன் நண்பன் நெஞ்சிற் கிடப்பதாக அவன் கருதிவிடின் அதன் முடிவு யாதாகும்? இவ்வினாவைப் பொருளாகக் கொண்டு எழுந்ததோர் ஆங்கில நாவலைப்பற்றிச் சில கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்நாவல், ஜான் நோல்ஸ் என்னும் அமெரிக்க ஆசிரியர் இயற்றிய ‘எ செபரேட் பீஸ்’ என்பது. அதனைத் ‘தனிச் சமாதானம்’ எனத் தமிழிற் கூறலாம். பல நாடுகள் ஓரணியாய் நின்று போர்புரியுங்கால், அவற்றுள் ஒன்று மட்டும் தோழமை நாடுகளை விடுத்துப் பகைவரோடு தனியே உடன்படிக்கை செய்துகொள்வதை அரசியலார் இப்பெயரால் வழங்குவர். நோல்ஸ் 1926ஆம் ஆண்டில் மேற்கு வர்ஜீனியா மாகாணத்திற் பிறந்தவர். நியூ ஹாம்ஷயர் மாகாணத்தில் 1781ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பிலிப்ஸ் எக்ஸீட்டர் அக்காடெமி என்னும் விடுதிப் பள்ளியிற் பயின்றவர். 1943ஆம் ஆண்டில், உலகப்போர் நிகழ்ந்துகொண்டிருந்த வேனிற்காலத்தை அவர் அப்பள்ளியிலேயே கழித்தார். அந்நாட்களின் நினைவே பின்னர் நாவலாக உருப்பெற்றது. 1956ஆம் ஆண்டில் ‘பினியஸ்’ என்னும் சிறுகதையாக முதலில் வெளிப்போந்த கருத்து, நாவலாக விரிந்தபின் அமெரிக்கப் பதிப்பாளர் பலரால் மறுக்கப்பட்டது. ஆதலின் 1959ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் முதற்கண் அச்சேறி, மறுவாண்டிலேயே தன் தாய்நாட்டிற் புகுந்தது. பின்னர் அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றிற் பாடநூலாகவும் அமைந்தது. 1972ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் எடுக்கப்பட்டது. ஆசிரியர் 2001ஆம் ஆண்டிற் காலமானார்.

மனோதத்துவத் திகிற் கதை என்று இக்காலத்தார் வழங்கும் வகையினைப்பற்றி ஈண்டு ஒருவாறு கூறுதல் நலம். துப்பறியும் கதையில் ‘குற்றத்தைச் செய்தவன் யார்?’ என்பதே வினா. அவ்வினாவிற்கு விடை கிடைத்தவுடன் கதை முடிந்துவிடும்; படிப்போனும் நூலை மூடிவைத்து நிம்மதியாக உறங்குவான். மனோதத்துவக் கதையிலோ செய்தவன் யாரென்பது பெரும்பாலும் முன்னரே தெரிந்திருக்கும். ‘அவன் அதனைச் செய்தது எதனால்? செய்கின்றோம் என்று அறிந்தே செய்தானா?’ என்பனவே அங்கு எழும் வினாக்கள். அச்சம் இருட்டிலிருந்தும் அன்னியரிடமிருந்தும் வருவதின்றி, கதை சொல்வோனது நெஞ்சினின்றே எழுகின்றது. நூலை மூடியபின்னும் அவ்வச்சம் படிப்போனை விட்டு நீங்குவதில்லை; ஏனெனின் அத்தகைய நெஞ்சம் ஒன்று அவனிடத்தும் உண்டு.

இத்தகைய கதைகளுக்கு விடுதிப் பள்ளி ஏற்ற களமாதல் வியப்பன்று. 1906ஆம் ஆண்டிலேயே ராபர்ட் மூசில் என்னும் ஆஸ்திரிய ஆசிரியர், விடுதிப் பள்ளியொன்றில் திருடி அகப்பட்ட சிறுவனொருவனை உடன்பயிலும் மாணவர் பரண் அறையில் வைத்து வதைப்பதனையும், டோர்லெஸ் என்னும் இளைஞன் அதனை அருகிருந்து காண்பதனையும் ஒரு நாவலாக எழுதினார். இல்லத்தில் மூத்தோர், இளையோர், தாய், தந்தை எனப் பல பருவத்தினர் சூழ்ந்திருத்தலின், ஒருவன் தன்னை ஒருவனோடு மட்டும் ஒப்பிட்டுக் கொண்டிருத்தற்கு இடமில்லை. விடுதியிலோ ஒத்த வயதினர், ஒரே அறையினர், ஒரே மேசையில் உண்போர், ஒரே பரீட்சையை எழுதுவோர். ஒருவன் மதிப்பெண் பெறுவதும், பந்தாட்டத்திற் பாராட்டப்பெறுவதும், வீட்டிலிருந்து கடிதம் வரப்பெறுவதும் மற்றவன் கண்ணெதிரே நிகழ்கின்றன. அவனைவிட்டு அகல்வதற்கும் வேறிடமில்லை. அன்பு வளர்வதற்கு எவ்வளவு வாய்ப்புண்டோ, ஒப்புநோக்கி மனம் புழுங்குதற்கும் அவ்வளவு வாய்ப்பு அங்கு உண்டு.

இனிக் கதைக்கு வருவோம். கதை சொல்பவன் ஜீன் பாரஸ்டர் என்பான். தான் பயின்ற டெவன் பள்ளியைப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, மழை பெய்யும் நவம்பர் மாத நாளொன்றில் அவன் காண வருகின்றான். பழைய ஆசிரியரையோ தோழரையோ அவன் தேடவில்லை. இரண்டிடங்களை மட்டும் காண விழைகின்றான்: ஒன்று பளிங்குப் படிக்கட்டு, மற்றொன்று ஆற்றங்கரை மரம். இவ்விரண்டனையும் கண்ட பின்னர், 1942ஆம் ஆண்டின் வேனிற்காலத்திற்கு நம்மை அழைத்துச் செல்கின்றான்.

அப்பொழுது ஜீனுக்கும் அவனது அறைத் தோழன் பினியஸுக்கும் வயது பதினாறு. இருவரும் ஒரே உயரத்தினர். ஜீன் படிப்பில் வல்லவன், விதிகளுக்கு அஞ்சுபவன். பினியஸ் உடற்பயிற்சியில் இணையற்றவன். விதிகளை விளையாட்டாக மீறிவிட்டுத் தன் பேச்சாலேயே ஆசிரியர் கோபத்தைச் சிரிப்பாக மாற்றவல்லவன். பதினேழு வயது நிரம்பிய மாணவர், போரிற் கப்பல் மூழ்குமிடத்துக் குதிப்பதற்குப் பயிற்சியாக, ஆற்றோரத்து மரக்கிளையிலிருந்து நீரிற் பாய்வது வழக்கம். அவ்வயதினர்க்கே உரிய அச்செயலைப் பினியஸ் தானும் செய்து ஜீனையும் செய்யத் தூண்டுகின்றான். பின்னர் அதற்கெனச் சங்கமொன்றையும் அமைத்து, இரவுதோறும் இருவரும் முதற்கண் குதித்தல்வேண்டும் என்று விதியும் வகுத்துவிடுகின்றான். ஜீனுக்கு ஒவ்வொரு முறையும் அச்சமே. எனினும் ஒருநாளும் மறுத்ததில்லை.

பகை எவ்வாறு முளைக்கின்றது என்பதை நோல்ஸ் மிக நுட்பமாகக் காட்டுகின்றார். ஒருநாள் பினியஸ் பள்ளியின் கழுத்துப்பட்டையை அரைக்கச்சையாகக் கட்டிக்கொண்டு ஆசிரியர் இல்லத்துத் தேநீர் விருந்திற்கு வந்துவிடுகின்றான். அவன் கண்டிக்கப்படுவான் என்று ஜீன் எதிர்நோக்குகின்றான். கண்டிப்பு நிகழவில்லை, வழக்கம்போல் அனைவரும் நகைத்துவிடுகின்றனர். அந்நொடியில் ஜீன் தன்னுள்ளே ஓர் ஏமாற்றத்தைக் காண்கின்றான். நண்பன் தப்பியதற்கு மகிழ்ச்சி தோன்றவேண்டிய இடத்தில் ஏமாற்றம் தோன்றிற்று. அதற்கு அவன் வேறு காரணம் கற்பித்துக்கொள்கின்றான்; ஆயினும் படிப்போன் அதனை மறப்பதில்லை.

மற்றொருநாள் மரக்கிளையில் ஜீன் நிலைதடுமாறுகின்றான். பினியஸ் கைநீட்டி அவனைப் பிடித்து நிறுத்தி உயிர் காக்கின்றான். முதலில் நன்றி தோன்றுகின்றது. சிறிது நேரத்தில், ‘அவன் அழைத்திராவிடின் யான் அம்மரத்தில் ஏறியிருக்கவே மாட்டேனே’ என்னும் எண்ணம் அந்நன்றியைத் தின்றுவிடுகின்றது. பின்னொருநாள், யாருமில்லா வேளையில், 100 கஜ நீச்சலிற் பள்ளியின் முந்தைய சாதனையைப் பினியஸ் முறியடிக்கின்றான். கண்டவன் ஜீன் ஒருவனே. பலர்முன் மீண்டும் நீந்துக என்று ஜீன் வற்புறுத்தியும் பினியஸ் இசையவில்லை. எவர்க்கும் உரையாதே என்றும் கூறிவிடுகின்றான். புகழை விரும்பாத வெற்றியைக் கண்டு ஜீன் திகைக்கின்றான். புகழ் வேண்டுபவனோடு போட்டியிடலாம். அது வேண்டாதவனோடு எவ்வாறு போட்டியிடுவது?

பின்னர் இருவரும் அனுமதியின்றிக் கடற்கரைக்குச் சைக்கிளிற் சென்று இரவு மணலிற் படுக்கின்றனர். ‘நீயே என் உற்ற தோழன்’ என்னும் கருத்தைப் பினியஸ் வெளிப்படையாகக் கூறுகின்றான். அவ்வாறு மனந்திறந்து பேசுவது அப்பள்ளிச் சிறுவர் வழக்கத்தில் இல்லாத துணிவு. ஜீனும் அதனையே திருப்பிச் சொல்ல முயல்கின்றான். ஏதோ ஒன்று தடுத்துவிடுகின்றது. மறுநாள் திரிகோண கணிதப் பரீட்சையில் அவன் தோல்வியுறுகின்றான். அவன் வாழ்நாளில் அஃதே முதற்றோல்வி.

ஈண்டுத்தான் கதையின் விஷவித்து உள்ளது. ‘யான் வகுப்பில் முதல்வனாதலைப் பினியஸ் பொறுக்கவில்லை. அவன் அமைத்த சங்கமும், கண்டுபிடித்த விளையாட்டுக்களும், கடற்கரைப் பயணமும் யாவும் என் படிப்பைக் கெடுப்பதற்கே’ என்று ஜீன் முடிவுசெய்கின்றான். இம்முடிவினால் அவனுக்கு உண்டாவது துன்பமன்று. ஆறுதல் என்பதைக் கவனித்தல்வேண்டும். நான் அவன்மேற் பொறாமை கொண்டேன். அவனும் என்மேற் பொறாமை கொண்டான். ஆகவே இருவரும் சமம் என்பதே அவ்வாறுதல். தன் நெஞ்சிலுள்ள மாசினைப் பிறர்மேல் ஏற்றிக் காண்பதனைச் சிக்மண்ட் பிராய்ட் முதலிய மனோதத்துவ நூலார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அஃது ஒருவன் தன்னையே பொறுத்துக்கொள்வதற்கு மனம் செய்யும் சூழ்ச்சி. நோயாளி தன் முகத்திற் புள்ளிகளைக் காணாது கண்ணாடியிற் புள்ளிகள் உள்ளன என்று துடைத்துக்கொண்டிருப்பதனை இஃது ஒக்கும்.

சில நாட்கள் செல்கின்றன. ஜீன் பிரெஞ்சுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாலையில், லெப்பர் என்னும் தோழன் இன்று மரத்திலிருந்து குதிக்கப்போகின்றான், வா, எனப் பினியஸ் அழைக்கின்றான். ஜீன் சினந்து பேசுகின்றான். பினியஸோ உண்மையான வியப்போடு, உனக்குப் படிக்கவேண்டியிருந்தால் இருந்து படி என்கின்றான். தன் உடலாற்றல் தனக்கு இயல்பாய் வந்ததுபோலவே ஜீனுக்குக் கல்வியும் முயற்சியின்றி வருவது என்று அவன் இதுகாறும் நம்பியிருந்தான்! அச்சொற்களைக் கேட்டவுடன் ஜீனுக்கு எல்லாம் விளங்கிவிடுகின்றது. பினியஸிடம் பொறாமை என்பது ஒருபோதும் இருந்ததில்லை. சூழ்ச்சி, போட்டி, பகை எல்லாம் தன் ஒருவனுள்ளேயே நிகழ்ந்தவை.

புத்தகத்தை விடுத்து ஜீன் உடன் செல்கின்றான். இருவரும் ஒன்றாகக் குதிப்போம் என்று பினியஸ் கூறிக் கிளையின் முனைப்பக்கம் நிற்கின்றான். அடிமரத்தைப் பற்றியவாறே ஜீன் ஓரடி முன்வைக்கின்றான், கிளை அதிர்கின்றது, பினியஸ் திரும்பி நோக்கியவாறே நிலைதவறிக் கரையில் வீழ்கின்றான். அதன்பின் ஜீன் கிளைமேல் நடந்து சென்று, ஒருநாளும் இல்லாத துணிவோடு, அச்சம் சிறிதுமின்றி நீரிற் குதிக்கின்றான். நாவல் முழுவதிலும் நடுக்கம் தருவது இவ்விடமே என்பது என் கருத்து.

பலரும் இந்நூலைப் பொறாமையின் கதை என்பர். அது பொருந்தும், ஆயினும் முற்றும் பொருந்தாது. பினியஸைப் பகைவன் என்று நம்பியிருந்த நாட்களில் ஜீன் அவனுக்கு யாதொரு தீங்கும் செய்யவில்லை; அவனோடு நகைத்தான், உண்டான், விளையாடினான். அவன் பகைவனல்லன் என்று தெளிந்த அதே மாலையிற்றான் கிளை அதிர்ந்தது. பொறாமைகொண்ட நண்பனை ஜீனாற் பொறுக்க முடிந்தது. குற்றமற்ற நண்பனைப் பொறுக்க முடியவில்லை. குற்றமற்றவன் அருகில் நின்றால் தன் குற்றம் தனித்து நிற்கும். அதனைப் பங்கிட்டுக்கொள்ள எவருமிலர். விவிலியத்திற் காயீன் தன் தம்பியின்மேற் கைவைத்ததும், தம்பி தனக்கு ஏதேனும் தீங்கு செய்தமையாலன்று என்பதை ஈண்டு நினைவு கூரலாம்.

தமிழிலக்கணம் பயில்பவன் என்னும் உரிமையால் மற்றொன்றையும் குறிப்பிட விழைகின்றேன். அக்கிளைமேல் நிகழ்ந்ததை ஜீன் எவ்வாறு கூறுகின்றான்? முதலில் தன் முழங்கால்கள் தாமாகவே மடிந்தன என்னும் பொருள்படக் கூறுகின்றான். அவ்வாக்கியத்தின் முடிவிலேயே, கிளையை உலுக்கியவன் தான் என்றும் கூறுகின்றான். நம் மொழியில் ‘மடிந்தன’ என்பது தன்வினை; ‘மடித்தேன்’ என்பது பிறவினை. இரண்டிற்கும் இடையே வினைப்பகுதியில் வேறுபாடில்லை. இடைநிலையை ஒட்டி ‘ந்’ நிற்கின்றதா ‘த்’ நிற்கின்றதா என்பதே வேறுபாடு. அவ்வொரு மெய்யெழுத்திலேதான் ஒருவனது குற்றமும் குற்றமின்மையும் தொங்குகின்றன. ஜீன் தன் ஆயுளின் பெரும்பகுதியையும் அவ்விரண்டு எழுத்துக்களுக்கு இடையே கழித்தான் எனல் மிகையாகாது.

வீழ்ந்த பினியஸின் கால் நொறுங்கிப்போகின்றது. இனி விளையாட்டில்லை என்று மருத்துவர் கூறிவிடுகின்றார். ஒருநாள் மாலை ஜீன் தனியறையில் பினியஸின் உடைகளை அணிந்து கண்ணாடிமுன் நிற்கின்றான். தான் பினியஸே ஆகிவிட்டதாக அவனுக்குத் தோன்றுகின்றது. அத்தோற்றம் அவனுக்குப் பெருநிம்மதியைத் தருகின்றது. நண்பனாக ஆகவேண்டும் என்னும் ஆசையும் அவனை இல்லையாக்கவேண்டும் என்னும் ஆசையும் ஒரே வேரினின்று முளைத்தவை என்பதை இக்காட்சி உணர்த்துகின்றது.

குற்றத்தை ஒப்புக்கொள்ள ஜீன் இருமுறை முயல்கின்றான். மருத்துவ விடுதியில் அவன் வாய்திறக்கு முன்னரே, விழும்பொழுது உன்மேல் ஓர் ஐயம் தோன்றியது, அதற்காக மன்னித்துக்கொள் என்று பினியஸ் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகின்றான். பின்னர்ப் பாஸ்டன் நகரில் பினியஸின் இல்லத்திற்கே சென்று உண்மையை உரைக்கின்றான். பினியஸ் நம்ப மறுக்கின்றான். மேலும் பேசினால் அடித்துவிடுவேன் என்கின்றான். உண்மையைக் கூறுவதும் இரண்டாமுறை அவனைத் தள்ளி வீழ்த்துவதாகுமோ என்று அஞ்சி ஜீன் தன் சொல்லை மாற்றிக்கொள்கின்றான். தன் நெஞ்சின் சுமையை இறக்கிவைப்பதற்காக உரைக்கும் உண்மைக்கும், கேட்பவன் நலத்திற்காக உரைக்கும் உண்மைக்கும் உள்ள வேற்றுமை ஈண்டுச் சிந்திக்கத்தக்கது.

பினியஸ் பள்ளிக்குத் திரும்புகின்றான். தான் விளையாட இயலாமையின் தனக்காக ஜீன் விளையாடவேண்டும் என்கின்றான். 1944ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டிக்கு அவனைப் பயிற்றுவிக்கின்றான். போர் என்பதே பொய், கிழவர் சிலர் கட்டிவிட்ட கதை என்று சாதிக்கின்றான். அவ்வொலிம்பிக் போட்டி உலகப்போரின் காரணமாக நடைபெறவே இல்லை என்பதைப் படிப்போர் அறிவர். ஆகவே அப்பயிற்சி முழுவதும் கண்ணீர் வரவழைக்கும் விளையாட்டாகின்றது. குற்றம் செய்தவனும் அதற்கு ஆளானவனும் உண்மையைப் பேசாமலிருப்பதால் மட்டுமே அமைதியாக வாழ்கின்றனர். நூற்பெயர் குறிக்கும் ‘தனிச் சமாதானம்’ இதுவேயாகும்.

அவ்வமைதியைப் பிரிங்கர் என்னும் மாணவன் குலைக்கின்றான். நள்ளிரவில் நீதிமன்றம்போல் ஒன்றைக் கூட்டி, மரத்தில் நிகழ்ந்ததை விசாரிக்கின்றான். படையிற் சேர்ந்து மனம் பேதலித்துத் திரும்பிய லெப்பர் சாட்சி கூறுகின்றான். பினியஸ் முழுவதும் கேட்க மனமின்றி எழுந்து விரைகின்றான். இருட்டில் பளிங்குப் படிகளில் உருண்டு மீண்டும் காலை முறித்துக்கொள்கின்றான். மறுநாள் மருத்துவ விடுதியில் இருவரும் இறுதியாகப் பேசுகின்றனர். தன்னைச் சேர்த்துக்கொள்ளுமாறு பல நாட்டுப் படைகளுக்கும் கடிதம் எழுதி எவரும் ஏற்காமையாலேயே போர் பொய்யென்று கூறிவந்ததைப் பினியஸ் ஒப்புக்கொள்கின்றான். பின்னர், நீ செய்தது என்மேற்கொண்ட வெறுப்பாலன்று, அறியாது எழுந்ததோர் உந்துதலே, அல்லவா என்று கேட்கின்றான். ஆம் என்கின்றான் ஜீன். பினியஸ் அதனை நம்புகின்றான். அன்றே எலும்பைப் பொருத்தும் சிகிச்சையின்போது, எலும்பிலுள்ள மச்சை குருதியிற் கலந்து இதயத்தை அடைய, அவன் உயிர் நீங்குகின்றது.

இந்நூலிற் குறைகளும் உண்டு. இறுதி அதிகாரத்திற் போர்க்கும் பள்ளிக்கும் உள்ள ஒப்புமையை ஆசிரியர் தாமே விளக்கிவிடுகின்றார், படிப்போர்க்கு விட்டிருக்கலாம். பினியஸ் சிலவிடங்களில் மனிதனாகத் தோன்றாது தேவகுமாரனாகவே தோன்றுகின்றான். எனினும், ஆசிரியர் அவனைப் படைத்ததற்கு டேவிட் ஹாக்கெட் என்னும் உண்மை மாணவரே மூலமாவார். ஜீன் கண்ட பினியஸையே நாமும் காண்கின்றோம் என்பதை நினைப்பின் அக்குறையும் ஒருவாறு நீங்கும். இறந்துபோன நண்பனிடம் குறைகாண எவருக்குத்தான் மனம் வரும்?

உலகில் மக்கள் கற்பனைப் பகைவர்க்கெதிராகப் பெரும் அரண்களைக் கட்டிக்கொண்டு வாழ்கின்றனர் என்னும் கருத்தோடு ஜீன் தன் கதையை முடிக்கின்றான். அத்தகைய அரண் ஒன்று என்னிடமும் இருந்தது. இந்நாவலை யான் கற்றதும், அதனைப்பற்றி எழுதத் துணிந்ததும் அதனாலேயே.

சென்ற ஆண்டு என் அறைத் தோழர் ஒருவர் பரீட்சைக்கு முன்னர்த் தவறாது, ‘நான் ஒன்றுமே படிக்கவில்லை, தம்பி’ என்பார். பின்னர் என்னைவிட மிகுதியாக மதிப்பெண் பெறுவார். அவர் என்னை ஏமாற்றுகின்றார், இரவில் யான் உறங்கியபின் மறைவாகப் படிக்கின்றார் என்று யான் உறுதியாக நம்பினேன். பருவத் தேர்விற்கு முன் அவர் காய்ச்சலிற் கிடந்து பத்து நாட்கள் வகுப்பிற்கு வரவில்லை. நன்னூற் குறிப்பேட்டை என்னிடம் கேட்டார். ‘வேறொருவர் வாங்கிச் சென்றிருக்கின்றார்’ என்றேன். அக்குறிப்பேடு என் பெட்டியில் துணிகளுக்கு அடியில் மறைந்திருந்தது. தேர்வு முடிவு வந்தபொழுது அவர் மதிப்பெண் மிகக் குறைந்திருந்தது. அவர் நகைத்துக்கொண்டே, ‘உன் குறிப்பேடு கிடைத்திருந்தால் தப்பியிருப்பேன். போகட்டும், நீ நன்றாக எழுதியிருக்கின்றாய்’ என்று என் தோளிற் கைவைத்தார். உண்மையிலேயே அவர் ஒன்றும் படிக்காதவர் என்பதும், படித்ததை ஒருமுறையிற் கொள்ளும் அறிவு அவருக்கு இயல்பாய் அமைந்தது என்பதும் அப்பொழுதுதான் எனக்கு விளங்கின.

பினியஸ் மடிந்தான், என் நண்பருக்கு நேர்ந்தது சில மதிப்பெண்களின் இழப்பே. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டிற்கும் வித்து ஒன்றே என்பதை யான் அறிவேன். ஜீன் தன் உண்மையைப் பிறர் வாயிலாக வெளிவர விட்டதனாலேயே இரண்டாமுறை வீழ்ச்சி நேர்ந்தது. ஆதலின் யான் காலந்தாழ்த்த விரும்பவில்லை. இக்கட்டுரையை ஆசிரியரிடம் ஒப்படைக்குமுன் அதனை முதலிற் படிக்கப்போகின்றவர் அந்நண்பரே. அவர் படிப்பதற்குமுன் மேலே எழுதிய வாக்கியம் ஒன்றைத் திருத்துதல் என் கடமை. குறிப்பேடு பெட்டியில் மறைந்திருந்தது என்று எழுதினேன். அது பிழை. மறைத்தேன்.